சூடு கிடைக்கும் இடங்கள்

அக்டோபர் 9
நூலகம், பத்திரிகைப் பகுதி

அன்புள்ள கொசுவுக்கு,

அக்கா எழுதுவது. நானும் அவரும் சுகம். நீயும் அம்மாவும் சுகமாக இருப்பீர்கள் என்ற நினைப்பில் பேனாவைத் திறந்திருக்கிறேன். சுகமில்லை என்றால் உடனே எழுது. சுகம் என்றாலும் உடனே எழுது.

குளிர் வந்துவிட்டது. இந்த ஊர்க்காரர்கள் இதைக் குளிர் என்றே ஒத்துக்கொள்வதில்லை. "இப்பத்தான் காத்து நல்லா இருக்கு" என்று சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு நடக்கிறார்கள். அவர்கள் நடுவே நான் மட்டும் தபாலில் போகிற மூட்டை மாதிரி போகிறேன். என் விரல்களின் கதை உனக்குத் தெரியும். முதலில் வெள்ளை, அப்புறம் நீலம், சூடு கண்டதும் சிவப்பு. நேற்று கடையில் சில்லறையை எடுக்க வராமல் பர்ஸையே மேஜைமேல் கவிழ்த்தேன். கடைக்காரருக்குச் சிரிப்பதா பயப்படுவதா என்று தெரியவில்லை.

வீடு நன்றாக இருக்கிறது. மூன்றாவது மாடி. கூடத்தில் ஒரு ஹீட்டர், அது சுட்டால் வீடு முழுக்கச் சுடும். அதைத் திருகும் குமிழ் மட்டும் இல்லை. ஆள் வந்து பார்க்க வேண்டும். அதுவரை பகலில் இங்கே வந்துவிடுகிறேன். பத்திரிகை மேஜைக்கு அடியில் வெந்நீர்க் குழாய் ஓடுகிறது. செருப்பைக் கழற்றிக் காலை அதன்மேல் வைத்துக்கொண்டால் சொர்க்கம். அந்தச் சாக்கில் தினமும் நாலு பத்திரிகை படிக்கிறேன். உலக விவகாரம் எது வேண்டுமானாலும் என்னிடம் கேள்.

நீச்சல் குளத்தில் அவருக்குப் புதிதாக ஒரு குழு வந்திருக்கிறது. தண்ணீரைக் கண்டு அலறுகிற பிள்ளைகள்கூட அவரிடம் ஒரே வாரத்தில் குதித்துவிடுகிறார்களாம். என்னையும் இந்தக் குளிர்காலம் முடிவதற்குள் மாற்றிக் காட்டுகிறேன் என்கிறார்.

அம்மாவுக்கு: வேளாவேளைக்குச் சாப்பிடுகிறேன். இந்த வரியை இரண்டு தடவை படித்துக் காட்டு. மணி அடித்துவிட்டார்கள், எல்லோரையும் எழுப்புகிறார்கள்.

அன்புடன்
அக்கா


அக்டோபர் 25

அடுப்புப் பூனைக்கு,

இங்கே எல்லோரும் நலம், வெயிலைத் தவிர. அது மட்டும் இன்னும் வெறி பிடித்து அலைகிறது. கொஞ்சம் பிடித்து உறையில் போட்டு அனுப்ப முடிந்தால் அனுப்பியிருப்பேன்.

உன் கடிதத்தை வழக்கம்போல விளக்கு வைத்த பிறகு அம்மாவுக்குப் படித்தேன். தனக்கே கண் நன்றாகத் தெரிந்தாலும் அம்மாவுக்கு அடுத்தவர் படித்துக் கேட்டால்தான் அது லெட்டர். பக்கத்து வீட்டு டீச்சரும் வந்து உட்கார்ந்துவிட்டார்கள். நீ பர்ஸைக் கவிழ்த்த இடத்தில் மூன்று பேரும் சிரித்தோம். "அவளுக்கு மே மாசத்துலயே போர்வை வேணும். சமைச்சு எறக்கின அடுப்புகிட்ட போய்ச் சுருண்டுப்பா. அங்க போய் என்ன பாடுபடுறாளோ" என்றாள் அம்மா. ஊரில் அடுப்பில் பூனை தூங்கினால் அந்த வீட்டில் சோறு இல்லை என்று அர்த்தம். நம் வீட்டில் மட்டும் சோறு ஆக்கியாகிவிட்டது என்று அர்த்தம்.

கம்பளிச் சட்டை இரண்டு, காலுறை நாலு ஜோடி அனுப்பியிருக்கிறேன். கனமானது. நான் வேலை பார்க்கும் மூக்குக் கண்ணாடிக் கடைக்கு வந்த ஒரு அம்மாள் பின்னிக் கொடுத்தது. அவர்களுக்குப் புதுக் கண்ணாடி இன்னும் பழகவில்லை, அதனால் ஒரு கை நீளம், ஒரு கை குட்டை. குளிருக்கு அது தெரியாது.

அத்தானின் குளத்து ஆபீசுக்குப் போன் செய்தால் பின்னால் ஐம்பது பிள்ளைகள் கத்துகிறார்கள். நீயும் "ம், நல்லா இருக்கேன்" என்பதைத் தாண்டுவதில்லை. கடிதமே மேல். அந்தக் குமிழ் ஆள் வந்தானா?

கொசு


நவம்பர் 14
வட்டப்பாதைப் பேருந்து

அன்புள்ள கொசு,

நலம். உங்கள் நலத்தை உன் கடிதத்திலேயே பார்த்துக்கொண்டேன். எழுத்து ஆடுகிறதே என்று அம்மா பயப்பட வேண்டாம், ஆடுவது பேருந்து. நூலகம் இன்று விடுமுறை.

இந்தப் பேருந்து ஊரைச் சுற்றிவிட்டுப் புறப்பட்ட இடத்துக்கே வந்துவிடும். பின்சக்கரத்துக்கு மேலே உள்ள இருக்கைக்கு அடியிலிருந்து அனல் வரும். அந்த இருக்கைக்கு ஒரு கிழவரும் நானும் போட்டி. நடத்துனர் இன்று கேட்டேவிட்டார்.

"எங்கம்மா எறங்கணும்?"

"இந்த சீட்டு ஆறிப்போற எடத்துல."

சிரித்துக்கொண்டே போய்விட்டார். அதற்கப்புறம் ஸ்டாப் பெயர் சொல்லும்போது என் பக்கம் பார்ப்பதே இல்லை.

நீ அனுப்பிய பார்சல் வந்தது. சட்டை மிக அழகு. பத்திரமாக வைத்திருக்கிறேன்.

அவர் சொல்வதில் நியாயம் இருக்கலாம் என்று சில சமயம் தோன்றுகிறது. உடம்பும் ஒரு மாணவன்தானாம். செல்லம் கொடுத்தால் கெட்டுப்போகுமாம். நான் சின்ன வயதிலிருந்து செல்லம் கொடுத்தே கெடுத்துவிட்டேனாம். கோபமாகச் சொல்லவில்லை, தலையைத் தடவிக்கொண்டுதான் சொன்னார். "குளிரு வீட்ல இல்ல. உன் மனசுல இருக்கு." இருக்கலாம். எங்கேயும் குளிர்கிறவள்தானே நான். யாருக்கும் குளிராத இடத்தில் எனக்கு மட்டும் குளிர்ந்தால் கோளாறு யாரிடம்?

ஆள் இன்னும் வரவில்லை. இந்தச் சுற்று முடியப்போகிறது. அடுத்த சுற்றுக்கு டிக்கெட் எடுக்க வேண்டும். அம்மாவுக்கு என் அன்பு. வேளைக்குச் சாப்பிடுகிறேன்.

அக்கா


நவம்பர் 30

அக்காவுக்கு,

நலம், நலம், நலம். அதை முடித்துவிட்டேன். இப்போது விஷயத்துக்கு வா.

கம்பளிச் சட்டையைப் பத்திரமாக வைக்கவா அனுப்பினேன்? நகையா அது? போட்டுக் கிழி. கிழிந்தால் அந்த அம்மாள் வேறு பின்னித் தருவார்கள், இப்போது அவர்களுக்குக் கண்ணாடி பழகிவிட்டது.

ஒரு குமிழ் போட எத்தனை வாரம்? இங்கே தண்ணீர்க் குழாய் கழன்றால் அத்தனை சோம்பேறி ஆளும் மறுநாள் வந்துவிடுகிறான். அத்தானுக்கு நேரமில்லை என்றால் நீ போய் ஒருவனை இழுத்து வா. எப்படியும் பேருந்தில்தானே சுற்றிக்கொண்டிருக்கிறாய்.

இன்னொன்று. நூலகத்திலிருந்து ஒன்று, பேருந்திலிருந்து ஒன்று. உன் வீட்டிலிருந்து ஒரு கடிதமும் வருவதில்லையே, ஏன்? நான் இதைக் கேட்டதும் அம்மா, "புதுசா கல்யாணம் ஆனவ, ஊரச் சுத்திப் பாக்குறா. ஒனக்கு எல்லாத்துலயும் நோண்டணும்" என்றாள். பொறுத்தார் பூமி ஆள்வார் என்று பழமொழியும் வந்தது. பக்கத்து வீட்டு டீச்சரும் தலையாட்டினார்கள்.

எனக்கு மட்டும் சரியாகப் படவில்லை. "கோளாறு யாரிடம்" என்று நீ எழுதிய இடத்தை அம்மாவுக்குப் படித்துக் காட்டவில்லை. அதைத் தாண்டிப் படித்தேன். அம்மாவுக்குத் தெரியாது.

உடனே பதில் போடு.

கொசு


டிசம்பர் 29

அக்கா,

கிணற்றில் போட்ட கல் மாதிரி இருக்கிறாய். ஒரு மாதமாகத் தபால்காரரைக் கண்டாலே எழுந்து நிற்கிறேன். அவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு எதிர்ப்பக்கமாகச் சைக்கிளைத் திருப்புகிறார். போனில் அத்தான், "நல்லாத்தான் இருக்கா, சோம்பேறி ஆயிட்டா, எழுதச் சொல்றேன்" என்றார். நீ சோம்பேறி என்றால் நான் நம்பவா? தூக்கத்தில்கூடக் கால் ஆட்டிக்கொண்டே இருப்பவள் நீ.

இரண்டு வரி போதும். அதற்குக் குறைந்தால் நான் ரயில் ஏறிவிடுவேன். கடையில் லீவு கிடைக்காது, வேலை போகும். பரவாயில்லை.

அம்மா நலம். உன்னைக் கேட்கிறாள் என்று நான் எழுதவேண்டியதில்லை.

கொசு


ஜனவரி 12
வீடு!

அன்புள்ள கொசுவுக்கும் அம்மாவுக்கும்,

ரயில் ஏறாதே. வேலையை விடாதே. நான் மிக மிக நலம். இதை வீட்டிலிருந்தே எழுதுகிறேன், கூடத்து மேஜையில், வெறும் கையோடு, ஒரே ஒரு சட்டை போட்டுக்கொண்டு. நடுவில் கை கொஞ்சம் சரியில்லாமல் போனது, பேனா பிடிக்க வரவில்லை. இப்போது எழுத்து எப்படி அழகாக வருகிறது பார்.

அத்தை வந்திருக்கிறார்கள். அவருடைய அம்மா. மாதக் கடைசிவரை இருப்பார்கள். நல்ல மனுஷி, வாய்தான் உன் ஜாதி. உள்ளே வந்தவர்கள் கைப்பையைக்கூடக் கீழே வைக்கவில்லை. "என்னடா இது, வீடா ஐஸ் பெட்டியா? மனுஷங்க இருக்குற எடமா இது?" என்று ஒரு சத்தம். அவ்வளவுதான். ஒரு மணி நேரத்துக்குள் வீடு கதகதவென்று ஆகிவிட்டது. ஆள் வரவில்லை, அவரே சரிசெய்துவிட்டார்.

அன்றைக்கு நான் தூங்கின தூக்கத்தை என்னவென்று சொல்வேன்! காலை நீட்டிப் படுத்தேன். நான் இவ்வளவு நீளமா என்று எனக்கே ஆச்சரியம். விரல்கள் எல்லாம் ரோஜா நிறம். சமைக்கும்போது பாட்டு முனகுகிறேனாம், அத்தைதான் சொன்னார்கள். அவருடைய சின்ன வயதுக் கதைகளும் சொல்கிறார்கள். "இவனுக்கு ஒரு தும்மல் வந்தாப் போதும், ரெண்டு போர்வ, ஒரு டாக்டர், மூணு நாளு நான் தூங்கக் கூடாது." அவர் சிரித்துக்கொண்டே வேறு பேச்சுக்குப் போய்விடுகிறார்.

அத்தையும் நானும் ஹீட்டர் பக்கத்தில் உட்கார்ந்து காய்கறி நறுக்குகிறோம். அவர்கள் போகாமலே இருந்தால் நன்றாக இருக்கும். எந்த மருமகளாவது இப்படி எழுதி நீ படித்திருக்கிறாயா?

அன்புடன்
அக்கா


ஜனவரி 23
கண்ணாடிக் கடை

அக்கா,

இதைக் கடையில் வைத்து எழுதுகிறேன். எதிரே ஒருவர் சுவரில் எழுத்து வாசித்துக்கொண்டிருக்கிறார், கடைசி வரி அவருக்கு வரவில்லை. எனக்கு வந்துவிட்டது.

உன் கடிதத்தை அம்மாவுக்குப் படித்தேன். அம்மா பூரித்துப்போனாள். டீச்சர், "குடுத்து வெச்சவ" என்றார்கள். மூன்று மாதம் கிடைக்காத குமிழ் ஒரு மணி நேரத்தில் எங்கிருந்து வந்தது? கடையில் வாங்கினாரா? இல்லை, வீட்டிலேயே இருந்ததா? வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்த கதையாக, வீட்டில் ஹீட்டரை வைத்துக்கொண்டு நீ பேருந்துச் சூட்டுக்கு ஒரு கிழவரோடு சண்டை போட்டிருக்கிறாய்.

உன்னை எனக்குத் தெரியும். அம்மா கேட்பாள், டீச்சர் கேட்பார்கள் என்று நினைத்து நினைத்து எழுதுகிறாய். சபைக்கு எழுதுகிற கடிதம் அது. எனக்கு எழுதியது அல்ல. இனி இந்தக் கடை முகவரிக்கு எழுது, பின்பக்கம் இருக்கிறது. இங்கே வருவதை நான் ஒருத்தி மட்டும் படிப்பேன், மனதுக்குள் படிப்பேன்.

உண்மையை எழுது. நீ எழுதாவிட்டால் நானே ஏதேதோ நினைத்துக்கொள்வேன், அது இன்னும் மோசம்.

கொசு


பிப்ரவரி 9
சலவைக் கடை

கொசுவே,

சுகமா என்று நீ கேட்கவில்லை, அதற்கு நன்றி. நான் சுகமில்லை. எழுதிப் பார்த்தேன், இடி ஒன்றும் விழவில்லை.

குமிழ் எங்கும் போகவில்லை. அது அவருடைய நீச்சல் பையில், விசிலோடு கிடந்தது. அக்டோபரில் முதல் குளிர் வந்த அன்று, என் கண் முன்னால்தான் பிடுங்கி எடுத்தார். "ஒரு குளிர்காலம். ஒண்ணே ஒண்ணு. அதுக்கப்புறம் நீயே எனக்கு நன்றி சொல்லுவ" என்றார். நானும் தலையாட்டினேன். விளையாட்டு மாதிரிதான் இருந்தது. என் குளிர் நம் வீட்டிலேயே விளையாட்டுதானே, அதனால் எனக்கு வித்தியாசம் தெரியவில்லை. அப்புறம் வீட்டுக்குள் ஒரு சட்டைக்கு மேல் கூடாது என்றார். உன் காலுறைகளைப் பரண்மேல் தூக்கிப் போட்டார். வெந்நீரில் கை நனைத்தால் பக்கத்தில் வந்து நின்றுகொண்டு, "இன்னிக்கும் தோத்துட்டியா?" என்று கேட்பார். அடித்தாரா என்று கேட்காதே, அடிக்கவில்லை. கத்தவும் இல்லை. ஒரு தடவைகூடக் குரலை உயர்த்தவில்லை. அதனால்தான் யாரிடம் என்ன சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை.

டிசம்பரில் விரல்கள் வெடித்துவிட்டன. மூன்று விரலில் புண். அதனால்தான் எழுதவில்லை. நீ தபால்காரரைப் பார்த்து நின்ற நாட்களில் நான் பொத்தான் போடக்கூட முடியாமல் இருந்தேன்.

அப்போதும் கோளாறு என்னிடம் என்றுதான் நினைத்தேன். அத்தை உள்ளே நுழைந்து, "வீடா ஐஸ் பெட்டியா" என்றார்களே, அந்த நிமிஷம் எனக்கு எப்படி இருந்தது தெரியுமா? அழுகை வந்தது. அடுப்படிக்குள் போய்ப் பாத்திரத்தை உருட்டிக்கொண்டே அழுதேன். இன்னொருவருக்கும் குளிர்ந்தது, கொசு. வேறொரு உடம்புக்கும் குளிர்ந்தது. நான் கொஞ்சம் கூடுதலாகக் குளிர்கிறவள்தான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் குளிர் வீட்டில்தான் இருந்தது.

நான் மூன்று மாதம் கெஞ்சினது அது. அவர்கள் ஒரே தடவை சொன்னார்கள். மாமியார் உடைத்தால் மண்குடம், மருமகள் உடைத்தால் பொன்குடம் என்பார்கள், குளிரில்கூடவா? அத்தையை ரயிலேற்றிவிட்டு வந்த அன்று, கோட்டைக் கழற்றுவதற்கு முன்னால் குமிழைக் கழற்றினார்.

"உங்க அம்மாவுக்கு மட்டும் போட்டீங்களே?" என்றேன்.

"அவங்க வயசானவங்க. பாவம், அவங்கள கஷ்டப்படுத்தலாமா?"

அவர் கிண்டலாகச் சொல்லவில்லை. நிஜமாகவே கேட்டார். அந்தக் கேள்வியில் நான் இருக்கிறேன் என்பது அவருக்குத் தோன்றவே இல்லை. அதற்கப்புறம் என்னால் அந்த வீட்டில் ஒரு இடத்தில் உட்கார முடியவில்லை. கூடத்துக்கும் அடுப்படிக்கும் நடக்கிறேன். பாதி குளிருக்கு, பாதி எதற்கென்று தெரியவில்லை.

இப்போது இந்தக் கடை. பெரிய பெரிய இயந்திரங்கள், கண்ணாடிக் கதவுக்குள் துணிகள் சுற்றிச் சுற்றிக் காய்கின்றன. பெஞ்சில் உட்கார்ந்தால் முதுகு சுடும். சும்மா உட்கார விடமாட்டார்களே, அதனால் ஒரு துண்டைக் கொண்டுவந்து வெளுக்கப் போட்டேன். மறுநாளும் அதே துண்டு. அடுத்த நாளும். கடைக்காரம்மா அதைப் பிரித்துப் பார்த்துவிட்டு என் கையைப் பார்த்தார்கள்.

"இந்தத் துண்டு இதுக்கு மேல வெளுக்காதும்மா. ஒனக்கு என்ன வேணும், அதச் சொல்லு."

"கொஞ்ச நேரம் உக்காரணும்" என்றேன்.

உட்காரச் சொன்னார்கள். இரண்டு நாள் கழித்து, சும்மா உட்காருவதற்குப் பதில் இஸ்திரி போடேன் என்றார்கள். இஸ்திரிப் பெட்டியைப் பிடித்திருக்கும்போது என் விரல்கள் என் விரல்களாகவே இருக்கின்றன. நேற்று, முழு நாள் வேலைக்கு வருகிறாயா, மாடியில் ஒரு அறை சும்மா கிடக்கிறது என்றார்கள். யோசித்துச் சொல்கிறேன் என்றேன்.

யோசிக்கிறேன், யோசிக்கிறேன், அம்மா முகத்தில் வந்து முட்டிக்கொள்கிறேன். கல்யாணமாகி ஒரு வருஷம் முடியவில்லை. குளிருகிறது என்று ஒருத்தி வீட்டை விட்டு வருவாளா? ஊரில் சொன்னால் சிரிக்க மாட்டார்களா? போகாவிட்டால் இந்தக் கை மிஞ்சாது. அதுவும் எனக்குத் தெரிகிறது.

என்ன செய்யட்டும், சொல்.

அக்கா


பிப்ரவரி 18

அக்கா,

போ.

என்னைக் கேட்காதே, அம்மாவைக் கேட்காதே, டீச்சரைக் கேட்காதே. இந்தக் கடிதம் கைக்கு வந்ததும் மாடிக்குப் போ. ஊர் சிரித்தால் சிரிக்கட்டும். சிரிக்கிறவர்களை ஒவ்வொருவராக அந்த வீட்டில் ஒரு ராத்திரி படுக்கச் சொல்கிறேன். பூமியை ஆண்டது போதும், நீ ஒரு அறையை ஆளு.

பரண்மேல் இருக்கிற காலுறைகளை எடுத்துக்கொள். அதை அங்கே விட்டுவிட்டு வந்தால் நான் பேச மாட்டேன்.

அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை. எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. இந்த வீட்டிலேயே அதிகம் பேசுகிற வாய் என்னுடையது. அதற்கே வார்த்தை வரவில்லை.

கண்ணைத் துடைத்துத் துடைத்து எழுதுகிறேன். கடைக்கு வருகிறவர்கள் எனக்கே கண்ணாடி வேண்டும் போலிருக்கிறது என்று நினைத்துக்கொள்கிறார்கள்.

கொசு


மார்ச் 4
மாடி அறை

அன்புள்ள கொசுவுக்கு,

நான் நலம். இதை வீட்டு முகவரிக்கே அனுப்புகிறேன். அம்மாவுக்குச் சத்தமாகப் படி. விடாமல் படி, எந்த வரியையும் தாண்டாதே. கடைக்கு எழுதினதையும் சேர்த்துப் படி. டீச்சர் இருந்தால் இருக்கட்டும்.

அம்மா, நான் அவர் வீட்டிலிருந்து வந்துவிட்டேன். சலவைக் கடை மாடியில் இருக்கிறேன். இஸ்திரி போட்டுச் சம்பாதிக்கிறேன். யாரோடும் சண்டை போட்டு வரவில்லை. பகலில், அவர் குளத்துக்குப் போயிருந்தபோது, ஒரு பெட்டியோடு வந்தேன். எங்கே இருக்கிறேன் என்று எழுதி மேஜைமேல் வைத்துவிட்டு வந்தேன்.

மறுநாளே வந்தார். இயந்திரங்கள் எல்லாம் ஓடிக்கொண்டிருந்தன. அவருக்கு நெற்றி வியர்த்தது, கோட்டைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

"இவ்ளோ தூரம் வந்துட்டு விட்டுட்டியே. இன்னும் ஒரு மாசம் பொறுத்திருந்தா ஒனக்குப் பழகியிருக்கும்."

"பழகியிருக்கும்ங்க. அதுக்குத்தான் பயந்தேன்."

அவருக்குப் புரியவில்லை. கடைக்காரம்மா, "சார், துணி போட வந்தீங்களா, எடுக்க வந்தீங்களா?" என்று கேட்டார்கள். அவர் அவர்களைப் பார்க்காமல் என்னைப் பார்த்து, "எங்க அம்மாகிட்ட நான் என்னன்னு சொல்றது?" என்றார்.

"வீடு குளிரா இருந்துச்சுன்னு சொல்லுங்க. அவங்களுக்குத் தெரியும்."

போய்விட்டார். அவர் கெட்டவர் என்று எழுத எனக்குக் கை வரவில்லை, அம்மா. நல்லவர் என்று எழுதவும் வரவில்லை.

அறை சின்னது. கீழே இயந்திரம் ஓடும்வரை தரை சுடும். ஆனாலும் ஒரு இடத்தில் உட்கார முடியவில்லை. கால் தானாக எழுந்து நடக்கிறது. சூடான இடத்துக்கு வந்த பிறகும் சூட்டைத் தேடிக்கொண்டே இருக்கிறது. கைப்புண் ஆறிவிட்டது. இது ஆற நாளாகும்.

நீ என்ன நினைக்கிறாய் என்று தெரியாமல் எனக்கு ஒரு வேலையும் ஓடவில்லை, அம்மா. கோபமென்றால் கோபம் என்றாவது எழுதச் சொல்.

உன் மகள்


மார்ச் 15

அக்கா,

படித்தேன். முதலில் கடைக்கு வந்தது, அப்புறம் இது. ஒரு வரியும் தாண்டவில்லை. மாமியார் மருமகள் குடம் உடைத்த இடத்திலேயே டீச்சர் எழுந்து போய்விட்டார்கள். அம்மா துணி மடித்துக்கொண்டே கேட்டாள். மடித்ததையே பிரித்து மறுபடி மடித்தாள். வழக்கமாக "இன்னொரு தடவ படி" என்பாளே, சொல்லவில்லை. படித்து முடித்ததும் விளக்கை அணைத்துவிட்டுப் படுத்துவிட்டாள்.

இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. பழமொழி ஏதாவது வந்தால் எதிர்த்துச் சொல்ல நாலு பழமொழி தயாராக வைத்திருந்தேன். உன் பழைய போர்வையை எடுத்து மூன்றாய் மடித்துத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு, அதன்மேல் கை வைத்தபடி உட்கார்ந்திருந்தாள். நம் ஊரில், இந்த வெயிலில்.

இன்று காலையில் நான் கடைக்குப் புறப்படும்போது வாசலில் வந்து நின்றாள்.

"அந்த ரூம்ல இன்னொருத்தர் படுக்க எடம் இருக்குமான்னு கேட்டு எழுது."

"யாரும்மா?"

"நான்தான். வேற யாரு? அவ கையை நான் பாக்கணும்."

அப்புறம் நான் தெருமுனை போகிறவரை பார்த்துக்கொண்டு நின்றாள். பக்கத்து ஊருக்குப் போவதற்கே பத்து நாள் யோசிக்கிற அம்மா, அக்கா. ரயில் எத்தனை மணிக்கு என்று டீச்சரிடம் விசாரித்துவிட்டாளாம்.

உடனே பதில் போடு. இந்தத் தடவை நிஜமாகவே உடனே.

கொசு


மார்ச் 24
என் அறை

கொசு,

நலம். அம்மாவிடம் சொல், இடம் இருக்கிறது.

கட்டில் ஒன்றுதான், அதில் அம்மா படுக்கட்டும். தரையில் நான். இங்கே தரைதான் சூடு, அதை நான் யாருக்கும் விட்டுக்கொடுக்க மாட்டேன், பெற்ற தாய்க்கும். ரயிலுக்கு மட்டும் ஒரு சால்வை போதும். கம்பளி, காலுறை, போர்வை என்று மூட்டை கட்டிக்கொண்டு வர வேண்டாம். காலையில் கீழே எல்லா இயந்திரமும் ஓட ஆரம்பித்தால் அம்மாவுக்கு வியர்த்துக் கொட்டும்.

ஒரு கைவிசிறி மட்டும் கொண்டுவரச் சொல்.

அக்கா